சிலம்பை யார் காப்பது?

சித்திரைத் திங்கள், முழுநிலவு நாள். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறுகிறார்கள் மக்கள். கல்லும் முள்ளும் பாராது, கண்ணகி கோட்டம் காணப் போகிறார்கள். மதுரையை விட்டு வந்த மாதரசி இந்த மலையில்தான் வந்து நின்றாள் என்பது நம் பள்ளத்தாக்கின் நம்பிக்கை.

நாம் கும்பிடப் போகிறவர்களல்லர். ஆயினும் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு நினைப்பு வருவதுண்டு. பாண்டியன் அவையிலே அந்தப் பெண் எதனால் வென்றாள்? கண்ணீராலா? கண்ணீர் சிந்திய பெண்கள் கோடி. அவர்களுக்காக எந்த அரியணை ஆடியது? அவள் சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. மன்னன் வாயடைத்தான். ஆம் தோழர்களே, சான்று இருந்தது; அதனால் வென்றாள்! அந்தச் சான்றைப் பிறர் கையில் விடாமல் தானே ஏந்தி வந்தாள், அதனால் வென்றாள்!

அந்த மலையடிவாரத்திலேயே சுருளி அருவி இருக்கிறது. 2011 மே மாதம், ஒருவரையொருவர் விரும்பிய இளைஞனும் இளம்பெண்ணும் அங்கே போனார்கள். பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். அந்தப் பெண் கொல்லப்படுமுன் கொடுமைக்கும் ஆளானாள் என்றது வழக்கு. ஒருவர் கைதானார். 2018இல் தேனி நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. 2025 சூலை 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஏன்? உடலிலிருந்து எடுத்த மரபணு மாதிரிகள் யார் கையில் இருந்தன, எங்கே இருந்தன, ஆய்வுக்கூடம் போக ஏன் அத்தனை தாமதம் - விளக்கமில்லை! மாசு படிந்திருக்கக் கூடும் என்ற ஐயத்தை நீக்க வழியில்லை! இனி இத்தகைய மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேரவேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று நாடு முழுமைக்கும் கட்டளையிட்டது அந்தத் தீர்ப்பு.

விடுதலையானவரைக் குற்றவாளி என்று சொல்ல இனி எவருக்கும் உரிமையில்லை. தூக்குக் கயிற்றின் நிழலில் அவர் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அப்படியானால் அந்த இரண்டு உயிர்களைப் பறித்தவன் யார்? 14 ஆண்டுகள் ஓடியும் விடையில்லை. சிலம்பு இருந்தது; காப்பவர் இல்லை. இதுதான் நம் பள்ளத்தாக்கு படிக்கவேண்டிய முதல் பாடம்.

நாம் படித்ததோ வேறு பாடம்! தேநீர்க் கடை பெஞ்சிலே ஒரு தோழர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, அவ ஆத்தா விடியுமுன்னே ஜீப்புல தொத்திக்கிட்டு ஏலக்காய்க் காட்டுக்குப் போயிச் சேர்த்த காசுல பிள்ளையக் காலேஜுக்கு அனுப்புறோம். இந்தச் சேதியெல்லாம் கேட்டா, படிச்சது போதும்னு நிறுத்திறலாமான்னு தோணுது."

தோழரின் அச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: திருடன் தெருவில் திரிகிறான் என்பதற்காகத் திருட்டுக் கொடுத்தவனையா சிறையில் அடைப்பது? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 60 ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் இன்று நம் பெண்கள் கல்லூரிப் படியேறுகிறார்கள் என்றால், அது தானாகப் பழுத்த கனியன்று. ஒரு கயவனுக்கு அஞ்சி அதனை விட்டுக்கொடுப்பதா?

சென்னையிலே நடந்ததைப் பாருங்கள். 2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் புகுந்தான். நண்பனோடு பேசிக்கொண்டிருந்த மாணவியை மிரட்டினான், வன்கொடுமை செய்தான். அந்தப் பெண் மூலையில் முடங்கினாளா? இல்லை! மறுநாளே புகார் கொடுத்தாள். அவளுக்கு நாடு தந்த பரிசு என்ன? அவள் அடையாளத்தைத் தாங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கென்ன வேலை?" என்றார்கள் அறிவாளிகள்! உயர்நீதிமன்றம் தலையிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 சூன் 2ஆம் நாள் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 30 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. ஆறு மாதம் முடியுமுன் தீர்ப்பு!

சுருளிக்கு 14 ஆண்டு. சென்னைக்கு ஆறு மாதம். முன்னதில் பேச உயிரோடு யாருமில்லை. பின்னதில் ஒரு பெண் வாய் திறந்தாள், புலனாய்வும் விரைந்தது. வாய் திறக்கும் பெண்ணுக்குத் துணை நின்றால் நீதி நடக்கும் என்பதற்கு இது சான்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் குற்றவாளி அப்போது ஆண்ட கட்சியின் உறுப்பினரல்லன், அனுதாபி என்று முதலமைச்சரே சட்டமன்றத்தில் சொன்னார். உறுப்பினரா அனுதாபியா என்று உரசிப் பார்ப்பதல்ல தோழர்களே நம் வேலை! நம் கொடி, அவர் கொடி என்ற பேச்சு இங்கே கூடாது. கொடிக் கம்பத்தின் பின்னே ஒரு கயவன் ஒளிந்தால், அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் முதல் கை நம் கையாக இருக்கவேண்டும். அதற்குத் துணிவில்லையேல் மேடையில் கண்ணகியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்வோம்.

வெளியாள் மட்டுமா பகைவன்? காதல் என்ற பெயரால் வருகிறவனும் உண்டு. மறுத்த பெண்ணின் பின்னால் திரிவான். படத்தைக் காட்டி மிரட்டுவான். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், கல்லூரி மாணவி ஒருத்தியை ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொன்றவனும் "காதலித்தேன்" என்றுதான் சொல்லித் திரிந்தான். துரத்தித் துரத்திப் பெண்ணை வெல்வதுதான் வீரம் என்று வெள்ளித்திரையில் கண்டு கைதட்டினோமே, அந்தக் கைதட்டலிலும் நமக்குப் பங்குண்டு. "வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். அதை மகளுக்குச் சொல்லுமுன் மகனுக்குச் சொல்லுங்கள்.

செய்யவேண்டியது என்ன? படிப்பகத்திலே உரக்கப் படியுங்கள்.

தங்கை ஒருத்தி வந்து சொன்னால், முதலில் நம்புங்கள். "ஏன் போனாய்?" என்று கேட்காதீர்கள். பஞ்சாயத்துக் கூட்டிப் பணம் வாங்கித் தருவதும், கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதும் தீர்ப்பல்ல, இரண்டாவது குற்றம்.

குளிக்குமுன், அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம். மறுத்தால் தண்டனை உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்கள் எல்லையில்லை" என்று சொல்லித் திருப்பியனுப்ப முடியாது. பெண்ணின் பெயரை வெளியிடுகிறவனுக்கு ஈராண்டு வரை சிறை. அதைக் கைப்பேசியில் பரப்புகிற நம் தோழரையும் சேர்த்துத்தான்!

கல்லூரிக்குள்ளே ஆசிரியரோ சக மாணவரோ தொல்லை தந்தால், அங்கேயே விசாரணைக் குழு இருக்கவேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் அப்படிச் சொல்கின்றன. தலைமை ஏற்பவர் பெண். மாணவர் வழக்கென்றால் மாணவர் சார்பாளரும் இருப்பர். மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். 90 நாளில் விசாரணை முடியவேண்டும். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டும் ஆசிரியர் அந்த மாணவியின் தாளைத் திருத்தாமல் தடுக்கவும் வழியுண்டு. உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா? உறுப்பினர் பெயர்கள் பலகையில் இருக்கின்றனவா? கட்டணம் கட்டப் போகும் நாளில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உதவிக்கு 181 என்ற எண் இரவும் பகலும் உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளையென்றால் 1098.

கண்ணகி தன் சிலம்பைத் தானே ஏந்தி, தன்னந்தனியாக அரண்மனை வாயிலுக்குப் போனாள். கணவனை இழந்த பின், கேட்க ஆளில்லாத ஊரிலே, அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. நம் தங்கைக்கு அந்த நிலை வரக்கூடாது. அவள் காவல் நிலையப் படியேறும்போது இருபுறமும் நாம் நிற்போம். அவள் சிலம்பைக் காப்போம்.