பூவம் தாண்டினால் ஒற்றை, வாஞ்சூர் தாண்டினால் இரட்டை

உங்கள் மாமா ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருமுறை சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போய்வருவது அவர் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பொழுது போகாமல் ஒரு கணக்கு வைக்கிறார். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டும்போதெல்லாம் டைரியில் ஒரு கோடு. திரும்ப உள்ளே நுழைந்தால் மேலும் ஒரு கோடு.

இந்தச் சாலையில் அப்படிக் கோடு போட நிறைய வாய்ப்பு உண்டு. காலாப்பட்டு வந்தால் புதுச்சேரி. அதைத் தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. பிறகு புதுச்சேரி நகரம். கடலூர் வந்தால் தமிழ்நாடு. சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி எல்லாம் கடந்து நண்டலாற்றைத் தாண்டினால் பூவம். அங்கிருந்து காரைக்கால் மாவட்டம், அதாவது திரும்பவும் புதுச்சேரி ஆட்சி. அரசலாற்றங்கரையில் காரைக்கால் நகரைப் பார்த்துவிட்டுத் தெற்கே போனால் வாஞ்சூர். அதற்கப்பால் நாகூர், தமிழ்நாடு.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே எல்லை எப்படியெல்லாம் வளைகிறது என்பது மாமாவுக்குச் சரியாகத் தெரியாது. பேருந்தில் கண்ணயர்ந்து ஒன்றிரண்டைத் தவற விட்டிருக்கவும் கூடும். ஆனால் ஒன்று நிச்சயம். ஒன்றையும் விடாமல் எண்ணியிருந்தால், காரைக்காலில் இறங்கும்போது டைரியில் இருக்கும் கோடுகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் இரட்டைப்படைதான். திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான். சென்னைக்குத் திரும்பி வந்து, "மொத்தம் 13 முறை எல்லை தாண்டினேன்" என்று அவர் சொன்னால், பேருந்தில் உடன் போகாமலே நீங்கள் சொல்லிவிடலாம்: "மாமா, எங்கோ ஒன்றை விட்டுவிட்டீர்கள்!"

காரணம் மிக எளிது. இங்கே இருப்பவை இரண்டே ஆட்சிப் பகுதிகள். ஒவ்வொரு தாண்டலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறது, விளக்கின் சுவிட்சைப் போல. அணைந்திருந்த விளக்கின் சுவிட்சை ஒற்றைப்படை முறை தட்டினால் எரியும். இரட்டைப்படை முறை தட்டினால் அணைந்தே இருக்கும்.

காரைக்கால் இப்படித் தனித் துண்டாகக் கிடப்பதற்குச் சரித்திரம்தான் காரணம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊர், 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, மாஹே, ஏனாம் ஆகியவற்றுடன் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது 1962 ஆகஸ்ட் 16-இல். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டம். ஒரு பக்கம் வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு.

இனி, பேருந்தை விட்டு மேசைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் படம் வரையும் மென்பொருள் ஒன்றைத் திறந்து, காரைக்கால் மாவட்டத்தின் எல்லையை வரைந்துவிட்டீர்கள். இப்போது திரையில் ஓரிடத்தில் சுட்டியைத் தட்டுகிறீர்கள். நீங்கள் தட்டியது காரைக்காலுக்கு உள்ளேயா, வெளியேயா? உங்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கோ கண் கிடையாது. அதனிடம் இருப்பது எண்களின் வரிசை மட்டுமே: எல்லையின் முதல் முனை இங்கே, அடுத்த முனை அங்கே என்று நூற்றுக்கணக்கான முனைகள். அந்த எண்களை வைத்துக்கொண்டு "உள்ளே" என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாமா செய்ததையேதான் அதுவும் செய்கிறது. தட்டிய புள்ளியிலிருந்து வலப்பக்கமாக ஒரு கிடைக்கோட்டைப் படத்துக்கு வெளியே வெகுதூரம் இழுக்கிறது. அந்தக் கோடு எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. (பூஜ்யமும் இரட்டைப்படைதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

ஷிம்ராட் என்பவர் இந்த முறையை ஒரு கணிப்பொறி நிரலாக எழுதி அமெரிக்காவின் கணிப்பொறியாளர் சங்கப் பத்திரிகையில் வெளியிட்டார். அது வந்த இதழ் 1962 ஆகஸ்ட்! காரைக்கால் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்த அதே மாதம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட தற்செயல்களை எழுதாமல் விட எனக்கு மனம் வருவதில்லை. அந்த நிரலுக்கு அதே ஆண்டு டிசம்பர் இதழில் ஒரு திருத்தம் வெளிவந்தது. இவ்வளவு எளிய கணக்கிலும் கண்ணிகள் உண்டு. அவற்றில் ஒன்றை நாமே பார்க்கலாம்.

கிராஃப் தாளை எடுங்கள். (0,0), (6,0), (6,5), (4,5), (4,2), (2,2), (2,5), (0,5) ஆகிய புள்ளிகளைக் குறித்து, இதே வரிசையில் சேர்த்துக் கடைசிப் புள்ளியை முதல் புள்ளியுடன் இணையுங்கள். வாய் திறந்த பாத்திரம் போல் ஓர் உருவம் கிடைக்கும். முதலில் (3,3). பாத்திரத்தின் வாய்க்குள் இருக்கும் வெற்றிடம் இது. வலப்பக்கம் கோடு இழுத்தால் 4-இல் ஒரு வெட்டு, 6-இல் ஒரு வெட்டு. இரண்டு, ஆகவே வெளியே. அடுத்து (1,3). இதற்கு 2, 4, 6 என்று மூன்று வெட்டுகள். உள்ளே. சரிதானே?

இப்போது (1,2) என்ற புள்ளியை எடுங்கள். கோடு இழுத்தால் வம்பு தொடங்குகிறது. கோடு பாத்திரத்தின் உள்தரைமீதே படுத்துக்கொண்டு போகிறது! இதை எத்தனை வெட்டு என்று எண்ணுவது? மாமாவின் பேருந்து எல்லைக்கோட்டின் மீதே கொஞ்ச தூரம் ஓடினால் அவர் டைரியில் என்ன எழுதுவார்?

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. உருவத்தின் ஒரு பக்கத்துக்கு இரண்டு முனைகள். ஒரு முனை நம் கோட்டுக்கு மேலேயும், மற்றது கோட்டின் மீதோ அதற்குக் கீழேயோ இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்றவற்றை விட்டுவிட வேண்டும். படுத்துக் கிடக்கும் பக்கத்தின் இரு முனைகளும் கோட்டின் மீதே இருப்பதால் அது கணக்கில் வராது. 2-இல் நிற்கும் பக்கம், 4-இல் நிற்கும் பக்கம், 6-இல் நிற்கும் பக்கம் மூன்றும் வரும். மூன்று, ஒற்றைப்படை, புள்ளி உள்ளே. சரியான விடை! கோடு கூரிய முனை ஒன்றைத் தொட்டுச் செல்லும்போதும் இதே விதி காப்பாற்றுகிறது. முக்கோணம் ஒன்றை வரைந்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.

"உள்ளே, வெளியே என்பதெல்லாம் குழந்தைக்கும் தெரியுமே, இதில் என்ன பெரிய கணிதம்?" என்று தோன்றுகிறதா? ஒரு மூடிய வளைகோடு தன்னைத்தானே வெட்டாமல் இருந்தால், அது தளத்தை உள், வெளி என்று சரியாக இரண்டாகப் பிரிக்கும். பள்ளத்திலே நீர் நிற்கும் என்பதைப் போல வெளிப்படையான செய்தி! ஆனாலும் இதற்கு நிரூபணம் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்து எழுதியவர் காமில் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக் கணிதமேதை. 1887-இல் அவர் பாடப் புத்தகத்தில் அந்த நிரூபணம் வந்தது. அதில் ஓட்டை இருக்கிறது என்று பின்னாள் கணிதர்கள் பலர் சொன்னார்கள். 1905-இல் ஆஸ்வால்ட் வெப்லென் என்ற அமெரிக்கர் புதிய நிரூபணம் தந்தார். நேர்ப்பக்கங்கள் கொண்ட பலகோணத்துக்கு விஷயம் சுலபம். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் நெளிந்துகொண்டே இருக்கும் வளைகோடுகளும் உண்டல்லவா, அங்கேதான் சிக்கல். 2005-இல் தாமஸ் ஹேல்ஸ் என்பவர் ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரைக் கொண்டே சரிபார்க்க வைத்தார். அதற்கு அவர் எழுத வேண்டியிருந்தது ஏறத்தாழ 60,000 வரிகள்! ஜோர்டானின் பழைய நிரூபணமும் அடிப்படையில் சரிதான் என்பது ஹேல்ஸின் கருத்து.

இந்த எழுத்துகளைப் படிக்கிறீர்களே, இங்கேயும் இதே போன்ற கணக்குதான் நடந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் மூன்று சுழி 'ண' என்பது வெறும் வெளிக்கோடுகளின் தொகுப்பு. எழுத்தைச் சுற்றி ஒரு கோடு, சுழிகளின் உள்ளே இருக்கும் வெற்றிடங்களைச் சுற்றிச் சிறு கோடுகள். எங்கே மை பூசுவது? ஒற்றை-இரட்டை விதிப்படி பார்த்தால், ஒற்றைப்படை இடத்தில் மை. இரட்டைப்படை இடத்தில் வெள்ளை. அதனால்தான் சுழிகள் அடைபடாமல் தெரிகின்றன. அடோபி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் இந்த விதி உண்டு. கோடு எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்கும் வேறொரு விதியும் அதில் உண்டு. கையை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை வரைந்து, நடுவிலுள்ள ஐங்கோணத்திலிருந்து வெளியே எண்ணிப் பாருங்கள். இரண்டு வெட்டு வரும். ஒற்றை-இரட்டை விதிப்படி நட்சத்திரத்தின் வயிறு காலி! சுற்று விதிப்படி வயிறும் நிரம்பிவிடும். வரைபவர் எது வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

துண்டுக்குள் துண்டாகக் கிடந்த நிலங்கள் உலகில் வேறிடத்திலும் உண்டு. வங்காளதேச எல்லையில், கூச் பிஹார் பக்கம், தஹாலா கக்ராபாரி என்ற ஒரு சணல் வயல் இருந்தது. இரண்டு ஏக்கர்கூட இல்லாத அந்த இந்திய நிலத்தைச் சுற்றி வங்காளதேசத்துக்குச் சொந்தமான கிராமம். அந்தக் கிராமத்தைச் சுற்றி இந்திய நிலம். அதைச் சுற்றி வங்காளதேசம். வயலிலிருந்து வெளியே போக மூன்று எல்லைகள். ஒற்றைப்படை, ஆகவே வயலும் வெளிநிலமும் வேறு வேறு நாடு. கணக்கு அங்கேயும் பொய்க்கவில்லை. ஆனால் அந்தப் பகுதித் துண்டுகளில் வாழ்ந்த மக்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எல்லை தாண்ட வேண்டியிருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் 111 இந்தியத் துண்டுகளும் 51 வங்காளதேசத் துண்டுகளும் கைமாறின. அந்த வயலும் வங்காளதேசத்தோடு சேர்ந்தது.

காரைக்கால்காரருக்கு எல்லை என்பது நிலத்தில் பெட்ரோல் விலையும் வரியும் மாறும் இடம், அவ்வளவுதான். கடலிலோ நிலைமை வேறு. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் செய்தியை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். படகும் வலையும் போய், மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள் உண்டு. கடல்மீது கோடு கிழித்திருக்கவில்லையே! 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் கோடே எல்லை என்றது. 1976-இல் கோடு மேலும் நீண்டது. இன்று படகுகளில் பொருத்தப்படும் செயற்கைக்கோள் கருவிகள், இந்தக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கின்றன. எல்லையின் எந்தப் பக்கம் என்ற கணக்குதான் அந்தச் சிறு பெட்டிக்குள்ளும்.

அதை நாமே போட்டுப் பார்ப்போமே. முதல் புள்ளி: அட்சரேகை 10 பாகை 5 கலை, தீர்க்கரேகை 80 பாகை 3 கலை. இரண்டாவது: 9 பாகை 57 கலை, 79 பாகை 35 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை.) ஒரு படகு 10 பாகை 1 கலை அட்சரேகையில், 79 பாகை 45 கலை தீர்க்கரேகையில் நிற்கிறது. படகிலிருந்து கிழக்கே கிடைக்கோடு இழுங்கள். 57-க்கும் 65-க்கும் சரி பாதி 61. ஆகவே எல்லைக்கோட்டையும் பாதி வழியில்தான் வெட்ட வேண்டும்; அங்கே தீர்க்கரேகை 79 பாகை 49 கலை. படகு அதற்கு மேற்கே இருக்கிறது. இந்தியக் கடல்தான்.

எல்லை கிழக்கே 4 கலை தள்ளி, அதாவது சுமார் 7 கிலோமீட்டர். போதிய தூரம் என்று நினைத்துவிடாதீர்கள்! எல்லைக்கோடு சாய்வாகப் போகிறது. அதே படகு நேர் தெற்கே நகர்ந்தால் சுமார் 2 கிலோமீட்டரிலேயே கோடு வந்துவிடும். இயந்திரத்தை அணைத்து வலை விரித்துவிட்டு இரவில் காத்திருக்கும் படகை, நீரோட்டம் அவ்வளவு தூரம் இழுத்துப் போவது அதிசயமில்லை.

இன்னொரு படகு 10 பாகை 3 கலை, 79 பாகை 58 கலையில் இருக்கிறது. அது எந்த நாட்டுக் கடலில் நிற்கிறது? கிராஃப் தாள் இன்னும் கையில்தானே இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.