சுரம் தப்பலாம், தாளம் நிற்கக்கூடாது

லண்டனின் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பு நடத்தும் நேரடி கிரேடு தேர்வுகளில், அதுவரை பார்த்திராத ஒரு சிறு இசைப்பகுதியை மாணவர் முன் வைப்பார்கள். பார்த்துக்கொள்ள அரை நிமிடம். உடனே வாசிக்க வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண்ணில் இதற்கு 21.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. ஒரு சுரம் தப்பியதும் நின்று, திரும்பிப் போய்த் திருத்திவிட்டுத் தொடர்வார்கள். நேர்மையான பழக்கம்தான். ஆனால் சுரத்தோடு தாளமும் போய்விடுகிறது. இளையராஜாவின் பாடல் பதிவுகளில் வயலின் கலைஞர்கள் மேற்கத்திய இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் தாளைப் பார்த்துச் சேர்ந்து வாசித்தார்கள். அப்படிப்பட்ட குழுவில் ஒருவர் நின்று திருத்தினால், மற்றவர்கள் அடுத்த பாருக்கு (தாளப் பிரிவுக்கு)ப் போயிருப்பார்கள்.

அந்த அரை நிமிடத்தில் சுரங்களைவிட முதலில் தேட வேண்டியது, தாளில் இருப்பதிலேயே மிகக் குறுகிய கால அளவு எங்கே வருகிறது என்பதை. முதல் பாரில் நிதானமான க்ராட்செட்டுகளை (ஓர் அடிச் சுரங்களை)க் கண்டு வேகமாகத் தொடங்குபவர், நான்காவது பாரில் செமிகுவேவர் (கால் அடிச் சுரம்) கூட்டம் வந்ததும் தடுமாறுவார். அந்தக் கூட்டம் எந்த வேகத்தில் வாய்க்கு வருகிறதோ அதுதான் முழுப் பகுதிக்கும் வேகம்.

வாயால் சொல்லிப் பார்ப்பதில் தாளச் சொற்களை ஒலிக்கும் நம் கொன்னக்கோலுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் வரை உறவு உண்டு. 1996-இல் ஹாஃப்மன், பெல்டோ, ஒயிட் என்ற மூன்று ஆசிரியர்கள் ‘தகதிமி’ என்ற பெயரிலேயே ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு அடியின் தொடக்கமும் ‘த’, நடுப்புள்ளி ‘தி’. புள்ளி வைத்த குவேவரை (முக்கால் அடிச் சுரத்தை) அடுத்துச் செமிகுவேவர் வந்தால் ‘த… மி’. இடையிலுள்ள ‘கதி’யை மனதுக்குள் சொல்லிக்கொள்வதால் நீண்ட சுரமும் குறுகாது. (அவசரப்படுபவர்கள் பெரும்பாலும் நீண்ட சுரத்திலும் மௌனத்திலும்தான் அவசரப்படுகிறார்கள்.)

சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோம்? மேல்ட்ஸெல் 1815-இல் காப்புரிமை வாங்கிய அந்தக் கருவி பிழையைக் காட்டிக்கொடுக்கும். எப்போதும் அதன் பின்னால் ஓடினால் சொந்த லயம் வளராது. பாருக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்க வைப்பது நல்லது.

கைக்கு முன்னால் ஓட, கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். வாசிக்கும்போதே தாளை மறைத்து 1974-இல் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா சோதித்தார். தேர்ந்தவர்கள் மறைத்த பிறகும் ஏழு சுரம் வரை வாசித்தார்கள். சில ஆசிரியர்கள் இதையே பாடமாக்குகிறார்கள்: மாணவர் ஒரு பாரைத் தொடங்கியதும் அதை ஓர் அட்டையால் மூடிவிடுவார்கள். திரும்பிப் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.