பால்கோவாவும் மூளையின் வாசல்களும்

பாலையும் சர்க்கரையையும் காய்ச்சிச் செய்யப்படுவதும் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதுமான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, செரித்த பின் குளுக்கோஸ் முதலிய சர்க்கரைகளாகவும், புரதத்தின் சிறு கூறுகளாகிய அமினோ அமிலங்களாகவும் இரத்தத்தில் கலந்தாலும், அவை தாமாகவே மூளைக்குள் புகுந்துவிட இயலாது. காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம்: ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி இழைகளுக்கிடையே இடைவெளி விட்டு நெய்யப்படுவது. உடலின் பல பகுதிகளில் தந்துகி எனப்படும் இரத்த நுண்குழாயின் சுவரும் ஏறத்தாழ அத்தகையதே. மூளையிலோ அச்சுவரின் செல்கள் இடுக்கின்றிப் பிணைந்திருப்பதால், இத்தகைய ஒவ்வொரு சத்தும் தனக்கேற்ற கடத்திப் புரதத்தின் வழியே செல்லைக் கடந்தாக வேண்டும். இந்த அமைப்பே இரத்த-மூளைத் தடுப்பு ஆகும்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுவதால், குளுக்கோஸைக் கடத்தும் குளுட்-1 புரதம் அங்கே மிகுதியாக உள்ளது. அதனினும் வியப்புக்குரியது, லூசின், டைரோசின் போன்ற பெரிய அமினோ அமிலங்களைக் கடத்தும் லாட்-1: அது ஒன்றை உள்ளே விடும்போது மற்றொன்றை வெளியே அனுப்பும் பண்டமாற்று வாசல்; இயல்பு நிலையிலேயே அது ஏறக்குறைய நிரம்பியிருப்பதால், அமினோ அமிலங்கள் இடத்துக்காகத் தமக்குள் போட்டியிடுகின்றன.

பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருள் இத்தடுப்பைக் கடக்காது; அதன் முன்னோடியான லெவோடோபா, வடிவத்தில் அமினோ அமிலமாக இருப்பதால், லாட்-1 வழியே உள்ளே சென்று டோபமினாக மாறுகிறது. இப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரன், ராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் 1937ஆம் ஆண்டு சென்னையில் பிரித்தெடுத்தனர் என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெறத் தக்க செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர் மக்கள் அவ்விதையைப் பலமுறை வேகவைத்து நீரை வடித்த பின்னரே உண்பது, அதிலுள்ள லெவோடோபாவைக் குறைக்கும் தேர்ந்த அறிவு. அவ்வறிவை விட்டு, விதைப்பொடியை நரம்பு டானிக்காகக் கண்மூடி விழுங்குவது தவறு.

லெவோடோபா மாத்திரையைப் பாலோடு கொடுக்கும் வழக்கமும் அத்தகைய தவறே: பாலின் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளை வாசலிலும் மருந்தை முந்திக்கொள்ளும். இதை நோயாளியின் வீட்டாருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதுமென்றாலும், மாத்திரைச் சீட்டோடு அந்த விளக்கம் பெரும்பாலும் வருவதில்லை. புரத உணவைப் பெரும்பாலும் இரவுக்கு ஒதுக்குமாறு மருத்துவர்கள் சிலருக்கு அறிவுறுத்துவது இப்போட்டியால்தான்; பால்கோவாவிலும் மருந்தை மறிப்பது பாலே, குளுட்-1 என்னும் வேறு வாசலில் செல்லும் சர்க்கரை அன்று.