உங்களுக்குத் தெரியுமா? காக்கிக்கு நான்கு வாசல்!

★ பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் அதே தேர்வில்தான் சிறைக் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் தேர்வாகிறார்கள்.

★ எஸ்.ஐ. ஆகப் பட்டம் வேண்டும். டி.எஸ்.பி.க்கு குரூப் 1, ஐ.பி.எஸ்.ஸுக்கு யு.பி.எஸ்.சி. எந்த வாசலில் நுழைகிறோமோ, அதைப் பொறுத்தே எந்தப் பதவியில் ஓய்வு பெறுவோம் என்பது பெரும்பாலும் அமைகிறது. காவலராகச் சேர்ந்தவர் பணிமூப்பை மட்டும் நம்பினால் சிறப்பு எஸ்.ஐ. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இடங்கள் துறையில் இருப்பவர்களுக்கே ஒதுக்கீடு. ஆகவே வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்! டி.எஸ்.பி.யாகச் சேர்ந்தவர் பதவி உயர்விலேயே ஐ.பி.எஸ். ஆக முடியும்.

★ இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ. தமிழ்நாட்டைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

★ சட்டம் படிப்பவர்கள் கவனிக்க: சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோர்ட் வளாகத்தில் ஏ.பி.பி. என்று அழைக்கப்படும் அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்கோ குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். குறுக்கு விசாரணையின் சூட்டில் நின்று பழகியவர்தான் அரசுத் தரப்பைக் காப்பாற்ற முடியும் என்பதால் இது நியாயமான நிபந்தனையே.

★ இந்தியத் தடய அறிவியலின் தொடக்கம் சென்னையில்தான். 1849இல் இங்கே அரசு வேதியியல் ஆய்வாளரின் கூடம் தொடங்கியது. ராஜீவ் காந்தி கொலையில் வெடித்தது இடுப்பில் கட்டிய வெடிகுண்டுதான் என்று நிறுவியவர் தமிழகத் தடய அறிவியல் நிபுணர் பி. சந்திரசேகரன். இப்போது ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றம் நடந்தால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் இந்தப் பிரிவை முழுமையாகச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. வேதியியலும் உயிரியலும் படிப்பவர்களுக்கு இது நல்ல காலம்.

★ சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் வேலூரில் இருக்கிறது. தென்மாநிலச் சிறை அதிகாரிகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

★ பலரும் கேள்விப்படாத பதவி ஒன்று உண்டு: நன்னடத்தை அலுவலர். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் இவருடைய அறிக்கையைக் கேட்க வேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பையனின் வீடு, படிப்பு, குணம், சேர்க்கை எல்லாவற்றையும் நேரில் விசாரித்து எழுதுகிறார். விடுவிக்கப்பட்டால் அவனைக் கண்காணித்து வேலை தேடிக்கொள்ள உதவுவதும் இவர்தான். இந்தத் துறையில் இதைவிட மனிதநேயமான வேலை எனக்குத் தெரியவில்லை. சமூகப்பணியும் உளவியலும் படிக்கும் பிள்ளைகளே, அடுத்த அரசுத் தேர்வு அறிவிப்பில் இந்தப் பதவியின் பெயரையும் தேடிப் பாருங்கள்.