விளக்கு விற்கும் வாரத்தில் வந்த வெள்ளம்

இன்னைக்கு எபிசோட் எங்க ஊரு, புதுச்சேரியைப் பத்தி. ரீல்ஸில் பார்த்தால் மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபி. அவ்வளவுதான் பாண்டி. நான் பேசப்போறது அந்த ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிற ஊரை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்துட்டுப் போயிருந்தா பரவாயில்லை, நகராம அங்கேயே நின்னுடுச்சு. மறுநாள் காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்துதான் ஆட்களை மீட்டாங்க. அப்புறம் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வந்து கரையோர ஊர்களும் மூழ்கின.

இப்போ காலண்டரைப் பாருங்க. டிசம்பர் 13 கார்த்திகை தீபம். நடுவில் 13 நாள்தான்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஷோகேஸில் வைக்கிற குதிரை, பொம்மை எல்லாம் செய்றாங்க. ஆனா மண்பாண்டம் செய்றவங்களுக்குக் கையில் காசு புரள்றது அகல் விளக்கு விற்கும் இந்தச் சில வாரங்களில்தான். சுட்ட விளக்கு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. சுடாத விளக்கு நனைஞ்சா திரும்ப மண்ணாயிடும். சரி, புதுசா செய்யலாமே? களிமண் குழியில் தண்ணி. காய வைக்க வெயில் இல்லை. வெயில் வந்தாலும் சூளைக்கு வைக்கோல், வரட்டி, விறகு எல்லாம் ஈரம். இது ஒண்ணொண்ணா சரியாகிறதுக்குள்ள தீபம் முடிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் விளக்கை யாரு வாங்குவாங்க?

நாதஸ்வரம், தவில் கலைஞர்களுக்கும் இதே சிக்கல்தான். கார்த்திகையில் முகூர்த்தம் உண்டு, மார்கழியில் கிடையாது. அதனால் கார்த்திகைக் கல்யாணங்களில் வர்ற பணத்தை வெச்சுத்தான் தை வரைக்கும் ஓட்டணும். மண்டபத்தில் தண்ணி வந்து கல்யாணம் தள்ளிப்போனா அட்வான்ஸோடு சரி. தவிலில் இருக்கிறது தோல், ஈரம் ஏறினா நாதமே மாறிடும், பழுது பார்க்கவும் செலவு. 2025 ஜனவரியில் புதுச்சேரி தவில் வித்வான் பி. தட்சிணாமூர்த்திக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த டிசம்பரில் முகூர்த்தத்தை இழந்த செட்டுகளுக்கு அதால் அரிசி வராதில்லையா?

அரசு நிவாரணம் வந்தது, இல்லைன்னு சொல்லலை. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய், பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய்னு முதல்வர் ரங்கசாமி அறிவிச்சார். பயிரை அளக்கலாம். விற்காத சீசனை எந்த ஃபாரத்தில் எழுதுறது?

எங்களை மாதிரியே பிரெஞ்சுக்காரங்க ஆண்ட இன்னொரு ஊர், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடிச்சப்போ இசைக்கலைஞர்கள் பலர் வீடிழந்து வேற ஊர்களுக்குப் போயிட்டாங்க. ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸும் ஒரு வீட்டுவசதித் தொண்டு அமைப்போடு சேர்ந்து 'மியூசிஷியன்ஸ் வில்லேஜ்'னு 72 வீடு கட்ட வெச்சாங்க. உதவிக் கச்சேரி நடத்தி முடிச்சுக்கிட்டிருக்கலாம். ஆனா வாசிக்கிறவன் ஊரில் குடியிருந்தாத்தானே ஊரில் இசை இருக்கும்? அந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சிருந்தது.

வீடு கட்டுறது நம்மால ஆகாது. ஆனா கல்யாணத் தேதி தள்ளிப்போனா அதே மேளக்காரரைப் புதுத் தேதிக்கும் சொல்லி, அட்வான்ஸில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். பொங்கல் பானைக்கு இப்பவே ஆர்டர் சொல்லிப் பாதிப் பணம் கட்டலாம். ரோட்டோரம் விளக்கு விற்கிறவங்ககிட்ட பேரம் பேசாம இருக்கலாம். காபிக்கு 250 ரூபாய் கொடுக்கிற ஆளுங்க நாம, அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அந்த வருஷம் எங்க அம்மா வாங்கிவந்த விளக்கெல்லாம் ஒரு பக்கம் கறுப்பு. ஈர விறகுப் புகை ஏறி அப்படி ஆயிடுச்சாம். பாதி விலைக்கு எடுத்துக்குங்கன்னு விற்ற அம்மாவே சொல்லியிருக்காங்க. எங்க அம்மா முழு விலை கொடுத்துட்டு வந்து, கறுப்புப் பக்கத்தைச் சுவர் பக்கமாத் திருப்பி ஏத்தி வெச்சாங்க.