அநாதைப் பையும் அவசரக் கூச்சலும்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிப் பேருந்துக்காக நாம் காத்து நிற்கிறோம். பெஞ்சின் மீது ஒரு பை கிடக்கிறது. அருகில் ஆள் இல்லை. உடனே, "யாரோ பையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!" என்று கூச்சலிடலாமா? உடையவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம் அல்லவா? இதே சங்கடம் கணிப்பொறிக்கும் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதா?

கணிப்பொறியை ஆளும் இயக்க முறைமையின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இயங்குகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயக்க முறைமைக்கும் அதுவே அடிப்படை.

கெர்னல் ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் இடம் வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமலே அதன் முகவரியைத் தொலைத்துவிட்டால் அந்த இடம் எவருக்கும் பயன்படாது. இதுவே நினைவகக் கசிவு. சொட்டுச் சொட்டாகக் கசிந்து தொட்டி வற்றுவது போல, நாளடைவில் இடம் தீர்ந்து இயந்திரமே நின்றுவிடும்.

இக்கசிவைக் கண்டறியக் காட்டலின் மரினாஸ் எழுதிய 'கேமெம்லீக்' என்னும் கருவி, 2009-ல் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. அது வழக்கமாகப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவும். வாங்கிய இடத்தின் முகவரி எங்குமே காணப்படாவிட்டால், அந்த இடத்தை அநாதை என்று பட்டியலில் சேர்க்கும்.

ஆனால் முகவரி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாறும் நொடியில் கருவி பார்த்தால்? குற்றமற்ற இடமும் கசிவாகத் தோன்றும். இத்தகைய பொய்ப் புகார்கள் பெருகினால் 'புலி வருது' கதைதான். உண்மைக் கசிவையும் எவரும் நம்பமாட்டார்கள்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பொறுமை. வாங்கி 5 விநாடிகூட ஆகாத இடத்தைப் பற்றிக் கருவி வாய் திறப்பதில்லை. இரண்டாவது, மறுபார்வை. சென்ற முறை பார்த்ததற்கும் இப்போதைக்கும் இடையே உள்ளிருக்கும் செய்தி மாறியிருந்தால், யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கொண்டு, தீர்ப்பைத் தள்ளி வைக்கிறது. மூன்றாவது, சாட்சி. சில முகவரிகள் கருவிக்குப் புரியாத உருவில் சேமிக்கப்படுகின்றன. அவ்விடங்களை, "இது கசிவன்று" என்று நிரல் எழுதுபவரே குறித்து வைக்கலாம்.

ஆனால் சாட்சி தவறினால் உண்மைக் கசிவே மறைந்துவிடும். மேலும், ஏதோ ஓர் எண் தற்செயலாக முகவரி போல் அமைந்தாலும் கசிவு கண்ணுக்குத் தப்பும். பொய்க் கூச்சலும் தீது; பொய் மௌனமும் தீது.

வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், பக்கத்துத் தோழியை ஐயுறுமுன் நாமும் சற்றுப் பொறுப்போம், மீண்டும் ஒருமுறை தேடுவோம், அறிந்தவரைக் கேட்போம். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது கணிப்பொறிக்கும் பொருந்துகிறது, நமக்குப் பொருந்தாதா?