அவையஞ்சாமையும் நேர்முகப் பரீட்சையும்

உத்தியோகம் நாடி விண்ணப்பித்த இளைஞன் ஒருவன், நேர்முகப் பரீட்சைக்கென அழைக்கப்பட்டு, பரீட்சகர் குழு அமர்ந்திருக்கும் அறையின் வாயிலிலே காத்திருக்கின்றான். பல ஆண்டுகள் வருந்திக் கற்ற கல்வி அவனிடத்தே உண்டு. எழுத்துப் பரீட்சையில் அக்கல்வியைத் திறம்படக் காட்டியும் இருக்கின்றான். எனினும், கதவு திறந்து தன் பெயர் அழைக்கப்படுதலைக் கேட்ட அளவிலே நா உலர்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, நன்கறிந்த விடயமும் நினைவுக்கு வர மறுக்கின்றது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றன. வீடு திரும்பும் வழியிலே, கேட்கப்பட்ட வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் தக்க விடை ஒழுங்காக மனத்தில் எழுகின்றது. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் படிப்பித்த பெற்றோருக்கு அவன் இதனை எங்ஙனம் விளக்குவான்? கல்லாதவன் தோற்பதில் வியப்பில்லை. கற்றவன் தன் கல்வியை எடுத்துரைக்கமாட்டாது தோற்பதே இரங்கத்தக்கது. ஆதலின், இவ்வச்சத்தின் இயல்பு யாது, அஃது எதனால் உண்டாகின்றது, அதனை ஆளும் வழி யாது என்பன ஆராயத்தக்கன.

அவைக்கு அஞ்சுதல் இக்காலத்து உத்தியோக முறையோடு புதிதாய்த் தோன்றியதன்று. திருக்குறட் பொருட்பாலில் 72ஆம் அதிகாரம் அவையறிதல் எனவும், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை எனவும் பெயர் பெற்றுள்ளன. அமைச்சனுக்கு வேண்டிய தகைமைகளைக் கூறும் பகுதியிலே இவ்விரண்டும் வைக்கப்பட்டமை கருதற்பாலது. அப்பதவிக்கு நூலறிவு மாத்திரம் அமையாது. அறிந்ததனை அறிஞர்முன் சொல்லும் ஆற்றலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கற்றலும் கற்றதை உரைத்தலும் வெவ்வேறு திறன்கள் என்பதை வள்ளுவர் நன்குணர்ந்திருந்தார். அன்றியும், அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்த முறையிலும் ஓர் உண்மை காணலாம். எதிரே இருப்போர் யாவர், அவர் அறிய விரும்புவது யாது என்று தெளிந்தவனுக்கே அஞ்சாமை கைகூடும். காப்பியப் புலவரும் தம் நூலை அவையில் அரங்கேற்றப் புகுமுன், அவையடக்கம் என்னும் உறுப்பினை அமைத்துத் தம் குறையைத் தாமே கூறிக்கொள்ளும் மரபு உடையராயிருந்தனர். பெரும் புலவர்க்கும் அவை என்பது எளிய பொருளாக இருந்ததில்லை.

இனி, அச்சத்தின்போது உடலில் நிகழ்வன யாவை என்பதை நோக்குவோம். ஹார்வட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியற் பேராசிரியராய் விளங்கிய வால்ற்றர் கனன் என்பார், அச்சம், சினம், பசி, நோவு ஆகியவற்றால் உடலில் உண்டாகும் மாற்றங்களை ஆராய்ந்து, 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து நேர்ந்தவிடத்து உயிரினம் ஒன்றிற் போரிடல் வேண்டும். அன்றேல் ஓடித் தப்புதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் உடல் ஒரே வகையாகவே ஆயத்தம் செய்கின்றது என அவர் காட்டினார். சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அதிரீனலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, ஈரலிலிருந்து வெல்லம் வெளிப்பட்டுத் தசைகளுக்கு வலுவூட்டுகின்றது, மூச்சு விரைகின்றது. சமிபாடு அவ்வேளைக்கு வேண்டப்படாமையால் உமிழ்நீர் குறைகின்றது; வயிறு கலங்குகின்றது. தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்குதலால் கைகள் குளிர்கின்றன. உடலின் சூட்டைத் தணிக்கும் பொருட்டு வியர்வை தோன்றுகின்றது.

இவற்றுள் ஒன்றேனும் நோயின் அறிகுறியன்று. ஆபத்து வந்துழி உயிரைக் காத்தற்கு இயற்கை வகுத்த ஏற்பாடே இது. ஆனால், பாய்ந்து வரும் கரடிக்கும் மேசைக்கு அப்பால் இருந்து வினவும் பரீட்சகருக்கும் உள்ள வேற்றுமையை உடல் அறியாது. ஓடுதற்கென்று திரட்டப்பட்ட வலு, கதிரையில் அசையாதிருக்க வேண்டிய ஒருவனிடத்தே தேங்கி நிற்கின்றது. கை நடுக்கமும் குரல் நடுக்கமும் இதன் விளைவுகளாம்.

இவ்வெழுச்சி முழுதும் தீமையே பயக்கும் என்று கொள்ளுதலும் தவறு. 1908ஆம் ஆண்டில் யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். எளிய பயிற்சியிலே தூண்டுதல் மிகுந்தபோது எலிகள் விரைவிற் கற்றன. கடினமான பயிற்சியிலோ தூண்டுதல் நடுத்தரமாய் இருந்தபோதே நன்கு கற்றன. மக்களுக்கும் இது பெரிதும் பொருந்தும் எனப் பின்வந்த உளநூலார் கருதினர். சிறிதும் பதற்றமின்றிச் செல்பவன் சோம்பியிருப்பான். அளவிறந்த பதற்றமுடையவன் தடுமாறுவான். எனவே, அச்சத்தை வேரோடு களைதல் வேண்டுமென்பதில்லை. அளவிலே நிறுத்துதலே வேண்டப்படுவது.

அளவு கடத்தற்குக் காரணம் யாது? மனித மனம் ஒரு வேளையிற் பற்றிக்கொள்ளக்கூடிய விடயங்கள் மிகச் சிலவே. அஞ்சுகின்றவன் அம்மனத்தை இரண்டாகப் பங்கிடுகின்றான். ஒரு பங்கு பரீட்சகரின் வினாவைக் கேட்கின்றது. மற்றப் பங்கு, ‘என் குரல் நடுங்குகின்றதோ, இவர்கள் என்னை இகழ்கின்றனரோ’ என்று தன்னையே நோக்கிக் காவல் இருக்கின்றது. கற்ற விடயம் மறந்துபோகவில்லை. அதனை எடுத்துக்கொடுக்க வேண்டிய கருத்து வேறு தொழிலில் ஈடுபட்டிருக்கின்றது. அறையைவிட்டு வெளியேறியதும் விடைகள் எல்லாம் மீண்டு வருதற்குக் காரணம் இதுவே. ஆகவே, அச்சம் மிகுதற்கு வாயில் தன்னையே நோக்குதல் எனவும், அது தணிதற்கு வாயில் பொருளை நோக்குதல் எனவும் சுருங்கச் சொல்லலாம்.

இவ்வுண்மைக்கு மகாத்மா காந்தியின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். இலண்டனிலே சட்டம் பயின்று 1891இல் இந்தியா திரும்பிய அவர், பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்திலே தம் முதல் வழக்கினை ஏற்றார். எதிர்த்தரப்புச் சாட்சியை விசாரிக்க எழுந்தபோது தலை சுழன்றது. கேட்பதற்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார்; பெற்ற முப்பது ரூபாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பின்னர், ஆங்கில ஆசிரியர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு ஒரு பாடசாலைக்கு விண்ணப்பித்தார். மாதம் 75 ரூபா வேதனமுடைய அவ்வுத்தியோகத்துக்கு நேர்முகமாக அழைக்கப்பட்டபோது உற்சாகத்தோடு சென்றார். அவர் பட்டதாரியல்லர் என்றறிந்த அதிபர் வருத்தத்தோடு மறுத்தனுப்பினார். 1893இல் தென்னாபிரிக்கா சென்றபின், பிரிற்றோரியா நகரிலே அங்கு வாழ்ந்த இந்தியரைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை என்பதுபற்றிப் பேசினார். அதுவே தம் வாழ்க்கையின் முதற் பேச்சு எனத் தக்கது என்றும், பேச வேண்டிய பொருளை ஓரளவு ஆயத்தம் செய்துகொண்டே சென்றதாகவும் அவர் தம் சுயசரிதையிற் குறிப்பிட்டுள்ளார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய கூச்ச இயல்பு முற்றாக மாறிவிடவில்லை. எடுத்துச் சொல்லியே தீரவேண்டிய ஒரு பொருளும், அதற்கான ஆயத்தமும் அவரிடத்தே இருந்தன. தம்மை மறந்து அதனை நோக்கினார், நா எழுந்தது.

கணிதமேதை இராமாநுசனின் வரலாறும் இத்தகையதே. பட்டம் பெறாத அவர், 1910ஆம் ஆண்டின் இறுதியிலே நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் என்பாரைக் காணச் சென்றார். முகம் மழிக்காத, உடையிற் கருத்தில்லாத, ஒளிவீசும் கண்களையுடைய ஓர் இளைஞர் கிழிந்த குறிப்பேட்டோடு வந்ததாக ராவ் பின்னர் எழுதினார். தொடக்கத்தில் அவர் கூறியது ராவுக்கு விளங்கவில்லை. எளியவற்றிலிருந்து அரியவற்றுக்குப் படிப்படியாக அழைத்துச் சென்றபின்னரே அவரது மேதைமை புலனாயிற்று. வேண்டுவது யாது என வினவியபோது, ஆராய்ச்சியைத் தொடர்தற்கு உயிர்வாழப் போதுமான சிறு பொருளே வேண்டும் என்றார். தோற்றத்தாலும் சான்றிதழாலும் எய்தாத மதிப்பை, பொருளிலே பதிந்த கருத்து எய்துவித்தது. எனினும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்வோர் தூய உடையைப் புறக்கணித்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று.

இனி, கைக்கொள்ளத்தக்க முறைகளைக் கூறுவாம்.

முதலாவது, முன்னாயத்தம். அச்சத்துள் எப்பகுதி தன்னை வருத்துகின்றது என்பதை ஒருவன் பகுத்தறிதல் வேண்டும். கனடா நாட்டு ஆராய்ச்சியாளரான மக்காதி, கொஃபின் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்விலே, நேர்முகப் பரீட்சையச்சத்தை ஐந்தாக வகுத்தனர்: பேச்சுப்பற்றிய அச்சம், தோற்றம்பற்றிய அச்சம், பழகும் முறைபற்றிய அச்சம், தோல்விபற்றிய அச்சம், நடுக்கம் முதலியன வெளித்தோன்றுமோ என்னும் அச்சம் என்பன. பெயரிட்டு அறிந்த பகைக்கு மருந்து காணல் எளிது. விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கூற வல்லனாதல் வேண்டும். உத்தியோகத்தின் கடமைகளையும் அத்திணைக்களத்தின் பணிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வாசித்தல் மாத்திரம் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் இன்றியமையாதது. ஆசிரியர் ஒருவரையோ மூத்த மாணவர் இருவர் மூவரையோ பரீட்சகராக அமர்த்தி விடையளித்துப் பழகியவனுக்கு உண்மையான அவை இரண்டாம் அவையாகவே தோன்றும். விடைகளை மனனஞ் செய்தல் மாத்திரம் தகாது. ஒரு சொல் தவறினால் முழுதும் தவறிவிடும்.

இரண்டாவது, காத்திருக்கும் வேளை. அந்த இடத்துக்குச் செல்லும் வழியை முன்னரே அறிந்து, நேரத்தோடு செல்லுதல் நன்று. முதல் நாள் இரவு கண்விழித்துப் படித்தல் தீது. மூச்சினை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுதலால் இதயத் துடிப்புத் தணியும். மனக்கவலைகளைப் பரீட்சைக்குச் சற்று முன்னர்த் தாளில் எழுதிய மாணவர், எழுதாத மாணவரினும் நன்கு செய்தனர் என்பதை றமிரெஸ், பைலொக் என்னும் சிக்காக்கோ ஆராய்ச்சியாளர் 2011இற் காட்டினர். ஹார்வட் பல்கலைக்கழகத்து அலிசன் வூட் புறூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளிலே, பேசுதற்கு முன் ‘நான் அமைதியாயிருக்கின்றேன்’ என்று சொல்லிக்கொண்டோரிலும், ‘நான் உற்சாகமாயிருக்கின்றேன்’ என்று சொல்லிக்கொண்டோரே சிறந்து பேசினர். துடிக்கும் நெஞ்சை அடக்குதல் அரிது. அத்துடிப்புக்கு வேறு பெயர் இடுதல் எளிது என்க.

மூன்றாவது, அவையினுள் நிற்கும் வேளை. தன் நடுக்கம் பிறர்க்கு வெட்டவெளிச்சமாய்த் தெரிகின்றதென அஞ்சுவோர் பலர். கிலோவிச், சவிற்ஸ்கி முதலிய உளநூலார் 1998இலும் 2003இலும் வெளியிட்ட ஆய்வுகள் இது பெரும்பாலும் மயக்கமே என நிறுவின. உள்ளே உணரப்படும் பதற்றத்தில் ஒரு சிறு பகுதியே வெளியே தோன்றுகின்றது. இவ்வுண்மையை முன்னரே அறிவிக்கப்பெற்ற பேச்சாளர், அறியாதோரினும் நன்றாகப் பேசினர். ஆதலின் இதனை அறிதலே ஒரு மருந்தாம். வினாவை முற்றக் கேட்டபின் சிறிது தாமதித்து விடை கூறலாம். அத்தாமதத்தைப் பரீட்சகர் சிந்தனை என்றே கொள்வர். விளங்காவிடின் மீண்டும் கூறும்படி பணிவோடு வேண்டலாம். அறியாததை அறியேன் என்று கூறுவதில் இழுக்கில்லை, மழுப்புதலே இழுக்கு.

பரீட்சகர்க்கும் இவ்விடயத்திற் கடமை உண்டு. ஷ்மிற், ஹன்ரர் என்போர் எண்பத்தைந்து ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட முடிவின்படி, எல்லோரையும் ஒரே ஒழுங்கான வினாக்களால் அளத்தல், மனம்போனவாறு வினவுதலினும் தகுதியை நன்கு காட்டும். முதல் வினாவை எளிதாக்கி, வந்தவன் மூச்சு விடுதற்கு இடங் கொடுத்தல் இரக்கம் மாத்திரமன்று. உண்மையை அறியும் வழியுமாம். நடுக்கத்தை அளந்து அனுப்பும் குழு, தனக்கு வேண்டிய அறிவை இழந்துவிடும்.

ஒரு நேர்முகப் பரீட்சையில் எய்தும் தோல்வி, ஒருவன் வாழ்க்கைமேல் எழுதப்பட்ட தீர்ப்பாகாது. குறைகண்ட கருவியால் குறைந்த நேரத்தில் எடுத்த ஓரளவே அது. பம்பாயில் நாவெழாது அமர்ந்தவரும் ஆசிரியப் பதவி மறுக்கப்பட்டவரும் ஒருவரே என்பதை வாயிலிற் காத்திருக்கும் இளைஞன் நினைவிற் கொள்ளுதல் நன்று. நெஞ்சு துடித்தவாறே எழுந்து உள்ளே செல்லுதலும், தன்னை விடுத்து வினவப்பட்ட பொருளிலே கருத்தை வைத்தலும் அவனால் இயல்வனவே. அவையஞ்சாமை என்று சான்றோர் போற்றியது இப்பயிற்சியால் வரும் ஆற்றலையேயாம்.